கடல் சேத்துல கிடைச்ச பாக்டீரியா புது இனம்தான்னு எப்படி உறுதி பண்றது

கடல் சேத்துல இருந்து பேர் இல்லாத ஒரு பாக்டீரியாவ எடுக்கறது அவ்ளோ பெரிய விஷயம் இல்லைங்க. கரையோரச் சேறு ஒரு கிராம் எடுத்தா அதுல கோடிக்கணக்கான செல் இருக்கு, பெரும்பகுதிய இதுவரைக்கும் யாரும் லேப் தட்டுல வளர்த்ததே இல்ல. உண்மையான வேலை எங்க ஆரம்பிக்குதுன்னா, நம்ம தட்டுல வளர்ந்து நிக்கறது ஏற்கனவே பேர் வச்ச எந்த இனமும் கிடையாதுன்னு காட்டறதுலதான். அதுக்கு நம்ம ஸ்ட்ரெயினப் பத்தி (அதாவது நாம பிரிச்சு சுத்தமா வளர்த்த அந்த ஒரு வகையப் பத்தி) எவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்கோமோ, அதைவிட அதிகமா அதோட நெருங்கின இனங்களப் பத்தித் தெரிஞ்சிருக்கணும். இத முதல் வருஷத்துலயே யாராவது ஜூனியர்ஸுக்குச் சொல்லிட்டா காசும் மிச்சம் அலைச்சலும் மிச்சம், அதுக்குத்தான் உக்காந்து எழுதறேன்.

நான் பிஹெச்டி பண்றது ஆக்டினோபாக்டீரியாங்கற பெரிய பாக்டீரியாத் தொகுதில. 2021-ல தொகுதி (ஃபைலம்) அளவுல இருக்கிற பேர்களுக்கும் முறையான விதி வந்ததுக்கப்புறம் அந்தத் தொகுதிக்கு ஆக்டினோமைசிடோட்டான்னு பேர் மாறிடுச்சு, பேப்பர்ல பழைய பேர் போட்டா ரிவ்யூவர் கண்டிப்பா கேப்பாங்க, அத இப்பவே மனசுல வச்சுக்கோங்க. சேறு எடுத்தது பாக் விரிகுடால, தொண்டிக்கு வெளிய. கிடைச்சது மைக்ரோமோனோஸ்போரா பேரினத்துல ஒண்ணு. இந்தப் பேரினம் மண்ணுலயும் இருக்கும், ஆத்துச் சேத்துலயும் இருக்கும், கடல் சேத்துலயும் இருக்கும். ஜென்டாமைசின் ஆன்டிபயாடிக் இந்தப் பேரினத்துல இருந்து வந்ததுதான்.

சேம்பிள் எடுக்கறதுல முதல் விஷயம் காத்து. வடகிழக்குப் பருவத்துல, அதாவது வாடை அடிக்கிற நேரத்துல பாக் விரிகுடா பொங்கும், அப்போ மன்னார் வளைகுடா பக்கம் ஓரளவு சும்மா இருக்கும், தென்மேற்குப் பருவத்துல அப்படியே தலைகீழ். அதனால எந்தப் பக்கம் எந்த மாசம்னு போட்காரங்ககிட்ட கேட்டுட்டுத்தான் தேதி குறிக்கணும், லேப் காலண்டர வச்சு இல்ல. ரெண்டாவது அனுமதி. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கால 21 தீவு இருக்கு, 1986-லயே அறிவிச்சது, அதுக்குள்ள சேறு அள்ளணும்னா வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது. பாக் விரிகுடாலயும் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரம் 2022-ல கடல்பசு பாதுகாப்பகமா ஆயிடுச்சு. எங்க எடுக்கறோம்னு மேப்ல சரியாப் பாத்துட்டு, தேவையான லெட்டர வாங்கி ஃபைல்ல வச்சுட்டுப் போங்க, பின்னாடி ஸ்ட்ரெயின சேமிப்பகத்துல டெபாசிட் பண்ணும்போது "இது எங்கருந்து, எந்த அனுமதில எடுத்தது"ன்னு கேள்வி வரும்.

வல்லத்துல எங்கள கூட்டிட்டுப் போன அண்ணன் கேட்டார், "ஏம்மா தங்கச்சி, சேறுதானே வேணும், கரையிலயே அள்ளிக்கலாமே, எதுக்கு இவ்ளோ தூரம்?" நியாயமான கேள்வி. கரையோரத்துல மழைத்தண்ணியும் வாய்க்காலும் மண்ணு கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்கும், அதுல நிலத்து ஸ்போரும் (விதை மாதிரி தூங்கற செல்) சேந்தே வரும். மைக்ரோமோனோஸ்போரா ஸ்போர் சேத்துல ரொம்ப காலம் தூங்கிக்கிட்டே இருக்கும், அத எடுத்து தட்டுல போட்டா முழிச்சு வளரும், நாம "கடல் பாக்டீரியா"ன்னு எழுதிடுவோம். கடல்ல கிடைச்சதெல்லாம் கடல்ல வாழுறது கிடையாது. அண்ணன்கிட்ட இதச் சொன்னேன், "அப்போ வண்டல் தெளிஞ்சு கிடக்கிற எடமாப் பாப்போம், கடல் தாழை (கடல் புல்) இருக்கிற எடம் வேணாம், வேர் மாட்டும்"னு அவரே எடம் காட்டினார். அந்த எடம் நல்ல எடமா அமைஞ்சுச்சு. மேல கொஞ்சமா பழுப்புப் படலம், அதுக்குக் கீழ கறுப்புச் சேறு, அழுகின முட்டை வாடை. பழுப்பு வரைக்கும்தான் ஆக்சிஜன், கறுப்புல ஆக்சிஜனுக்குப் பதிலா சல்ஃபேட்ட வச்சு வாழற பாக்டீரியாக் கூட்டம் ஆட்சி பண்ணுது. நமக்கு வேண்டியது ரெண்டும் சேர்ற எடமா, பழுப்பு மட்டுமாங்கறத முன்னாடியே முடிவு பண்ணி, அக்ரிலிக் குழாய இறக்கி அடுக்கு கலையாம கோர் எடுத்து, சென்டிமீட்டர் வாரியா பிரிச்சு வைக்கணும். கிராப் (சேறு அள்ளற வாளி) போட்டு அள்ளினா எல்லாம் கலந்துடும். ஜிபிஎஸ், ஆழம், தண்ணியோட வெப்பம், உப்புத்தன்மை நாலையும் போட்லயே எழுதிடுங்க, பேப்பர்ல இனத்தோட விவரிப்புல இதெல்லாம் வரணும்.

பிரிச்செடுக்கறதுல நம்ம எதிரி வேகமா வளர்றவங்க. பேசில்லஸும் விப்ரியோவும் ஒரு ராத்திரில தட்ட மூடிடும், மைக்ரோமோனோஸ்போரா எட்டிப் பாக்கவே வாரக்கணக்காகும். அதனால சேற லேமினார் ஹூட்ல காய வைக்கிறது, அப்புறம் 55-60 டிகிரில கொஞ்ச நேரம் சூடு காட்டறது, இல்லேன்னா 1.5 சதவீத ஃபீனால்ல ஊற வைக்கிறது, இந்த மூணுல ஏதாவது ஒண்ணு செய்யணும், ஸ்போர் தாங்கும், மத்ததுல நிறைய செத்துடும். மீடியம் ரொம்பச் சத்தா இருக்கக் கூடாது. ஸ்டார்ச் கேசீன் அகார கடல் தண்ணில கலக்கி, பாதியா நீர்க்கப் பண்ணிப் போட்டோம், கிராம் நெகட்டிவ்வ அடக்க நாலிடிக்சிக் ஆசிட், பூஞ்சைக்கு சைக்ளோஹெக்சிமைடு. சைக்ளோஹெக்சிமைடு மனுஷ செல்லுக்கும் விஷம்தான், கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. 28 டிகிரில ஆறு வாரம் வரைக்கும் தட்ட வச்சிருக்கணும்னா அது காய்ஞ்சிடக் கூடாது, ஜிப் கவர்ல ஈரப் பஞ்சோட வைங்க. ரெண்டு வாரத்துல "ஒண்ணும் வரல"ன்னு தட்டத் தூக்கிப் போடறவங்க நிறைய பேர், அவங்க தூக்கிப் போடற தட்டுலதான் நல்ல சரக்கு இருக்கும்.

எங்க ஸ்ட்ரெயின் முதல்ல தெரிஞ்சப்போ குண்டூசித் தலை அளவுதான், வெளிர் ஆரஞ்சு, மேல ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு இருக்கிற வெள்ளைப் பவுடர் கிடையாது. ஆரஞ்சு மிட்டாய் உருகி அகார்ல ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. லூப்ப வச்சுத் தள்ளினா நகரவே நகராது, ஏன்னா இழையெல்லாம் அகாருக்குள்ள இறங்கி வேர் விட்டிருக்கு, தோண்டித்தான் எடுக்கணும். நாளாக நாளாக நடுவுல இருந்து பச்சை கலந்த கறுப்பு பரவும், மேல பளபளன்னு ஒரு வழவழப்பு வரும், அந்தக் கறுப்புதான் ஸ்போர். மைக்ராஸ்கோப்ல பாத்தா ஸ்போர் சங்கிலியா இருக்காது, ஒவ்வொண்ணா தனித்தனியா இழைல ஒட்டிட்டு நிக்கும். பேரினத்தோட பேர்லயே அந்த ஒத்தை ஸ்போர் இருக்கு. இந்தக் கறுப்பு வந்ததுக்கப்புறம் ஸ்போர்ல இருந்து திரும்பத் திரும்பக் கோடு போட்டு வளர்த்தாத்தான் ஸ்ட்ரெயின் சுத்தம். இழையா இருக்கும்போது எடுத்தா அதுக்குள்ள சின்னதா வேற ஒண்ணு ஒளிஞ்சிட்டு வரும், அது பின்னாடி ஜீனோம்ல போய்த்தான் தெரியும், அப்போ ரொம்ப லேட். சுத்தமான அன்னைக்கே 20 சதவீத கிளிசரால்ல நிறைய சின்னக் குப்பில (வயல்) போட்டு மைனஸ் 80-ல வைங்க, வேற வேற ஃப்ரீசர்ல. நம்ம ஊர்ல கரண்ட் போறத நான் சொல்லித் தெரியணுமா.

அடுத்தது 16எஸ் ஜீன், எல்லா பாக்டீரியாவுலயும் இருக்கிறதால இனங்கள ஒப்பிட்டுப் பாக்கப் பயன்படற ஜீன். எல்லாரும் இங்கதான் முதல் உணர்ச்சிவசப்படறது. சுமார் 1500 எழுத்து, 27எஃப், 1492ஆர்னு பழகின பிரைமர் ஜோடி. மைக்ரோமோனோஸ்போராவுக்கு டிஎன்ஏல ஜி, சி எழுத்துகளோட பங்கு 70 சதவீதத்துக்கு மேல, அதனால பிசிஆர் அடம் பிடிக்கும், 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேத்தா பெரும்பாலும் வழிக்கு வரும். சீக்வென்ஸ் ஃபைல் வந்ததும் நேரா டேட்டாபேஸ்ல போட்டுப் பாக்காம, முதல்ல குரோமட்டோகிராம (ஒவ்வொரு எழுத்துக்கும் பீக் காட்டற படம்) திறந்து பாருங்க. ரெண்டு நுனிலயும் பீக் குழம்பித்தான் இருக்கும், அத வெட்டணும். பக்கத்து லேப்ல ஒரு நண்பருக்கு 98.2 சதவீதம்னு வந்து லேப்பே கொண்டாடுச்சு, திரும்ப சீக்வென்ஸ் பண்ணா 99.9, நுனில இருந்த தப்பு எழுத்தெல்லாம் சேந்துதான் அத "புது இனம்" ஆக்கியிருக்கு. அப்புறம் ப்ளாஸ்ட் தேடல்ல வர முதல் பேர நம்பாதீங்க, அதுல பேர் சரிபாக்காத ஆயிரம் சீக்வென்ஸ் கலந்து கிடக்கும். ஈஸ்பயோகிளவுட் தளத்துல போட்டா டைப் ஸ்ட்ரெயினோட மட்டும் ஒப்பிட்டுத் தரும். டைப் ஸ்ட்ரெயின்னா ஒரு இனத்துக்குப் பேர் வச்சப்போ அந்தப் பேருக்கு ஆதாரமா நிறுத்தி வச்ச ஸ்ட்ரெயின். ஒப்பீடு எப்பவும் அதோடதான், பேர் ஒண்ணா இருக்கிற வேற எதோடவும் இல்ல.

இந்த சதவீத எல்லையப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இன்னும் நிறைய வைவால "97 சதவீதத்துக்குக் கீழ இருந்தா புது இனம்"னு ஒப்பிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்த 97 வந்தது 1994-ல ஸ்டாக்கபிராண்டும் கோபலும் எழுதினதுல. 2006-ல அதே ஸ்டாக்கபிராண்ட் எபர்ஸோட சேந்து 98.7-99னு ஏத்தினார், 2014-ல ஜீனோம் ஒப்பீட்ட வச்சு 98.65னு இன்னொரு கணக்கு வந்துச்சு. சரி, 98.7-க்குக் கீழ வந்தா கிட்டத்தட்ட புதுசு. மேல வந்தா? மேல வந்தா பழசுன்னு அர்த்தம் இல்ல! இதுதான் அடிக்கடி தவற விடற எடம். அந்த எல்லை ஒரு பக்கம் மட்டும்தான் கதவு. எங்க ஸ்ட்ரெயின் பக்கத்து இனத்தோட 99.4 சதவீதம் ஒத்துப்போச்சு. பழைய கணக்குப்படி அன்னைக்கே அத ஃப்ரீசர் மூலைல தள்ளியிருக்கணும்.

தள்ளாததுக்குக் காரணம் சாலினிஸ்போரா. மைக்ரோமோனோஸ்போராவோட அதே குடும்பம், கடல் சேத்துக்குன்னே பிறந்த பேரினம். அமெரிக்காவோட ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துல பால் ஜென்சனும் வில்லியம் ஃபெனிகலும் பஹாமாஸ் பக்கத்துக் கரையோரச் சேத்துல ஆக்டினோமைசிட்ஸ் தேடினாங்க, 1991-லயே பேப்பர் வந்துடுச்சு. அதுல ஒரு கூட்டம் கடல் தண்ணி இல்லாம வளரவே மாட்டேன்னு நின்னுச்சு. 2003-ல அதுல இருந்து சாலினோஸ்போரமைடு-ஏங்கற புற்றுநோய் செல்லக் கொல்ற ஒரு மூலக்கூறு வந்துச்சு, பேரினத்துக்கு முறையா பேர் வச்சது அதுக்கப்புறம் 2005-லதான், அரெனிகோலா, ட்ராபிகானு ரெண்டு இனம். 2007-ல ட்ராபிகாவோட ஜீனோமப் படிச்சா அதுல பத்துல ஒரு பங்கு இந்த மாதிரி மூலக்கூறு தயாரிக்கற ஜீனுக்கே ஒதுக்கியிருக்கு. இப்போ விஷயத்துக்கு வரேன். சாலினிஸ்போரா இனங்களுக்குள்ள 16எஸ் 99 சதவீதத்துக்கு மேல ஒண்ணாத்தான் இருக்கும். ஆனாலும் 2020-ல முழு ஜீனோம வச்சு இன்னும் ஆறு இனத்தப் பிரிச்சாங்க, ஒண்ணுக்கு ஃபெனிகல் பேரு, ஒண்ணுக்கு ஃபிஜித் தீவோட பேரு. 16எஸ்ஸ மட்டும் நம்பியிருந்தா அந்த ஆறும் இன்னைக்கும் கண்ணுக்குத் தெரியாமலேயே இருந்திருக்கும். மைக்ரோமோனோஸ்போராவும் இதே குணம்தான், 16எஸ்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்கும், அதனாலதான் ஜைரேஸ் பிங்கற இன்னொரு ஜீன வச்சுப் பிரிக்கிற பழக்கம் 2000-லயே வந்துடுச்சு.

ஆக ஜீனோம் பண்ணோம். இங்க என் ஸ்ட்ராங்கான கருத்து ஒண்ணு: ஜீனோம் முதல்ல, டைப் ஸ்ட்ரெயின் வாங்கறது அப்புறம். நிறைய லேப்ல இன்னும் தலைகீழாத்தான் நடக்குது. 16எஸ் லிஸ்ட்ல மேல இருக்கிற நாலஞ்சு இனத்த ஜெர்மனியோட டிஎஸ்எம்இசட் சேமிப்பகத்துல இருந்தோ ஜப்பானோட ஜேசிஎம் சேமிப்பகத்துல இருந்தோ யூரோலயும் யென்லயும் காசு கட்டி, இறக்குமதி அனுமதி வாங்கி, கஸ்டம்ஸ்ல காத்திருந்து வரவழைக்கிறாங்க. எங்க சீனியர் அண்ணா ஒருத்தர் அப்படி வாங்கினதுக்கப்புறம் ஜீனோம் மரம் போட்டுப் பாத்தா உண்மையான நெருங்கின சொந்தம் அந்த லிஸ்ட்ல கீழ எங்கயோ இருந்துச்சு, மறுபடியும் ஆர்டர், மறுபடியும் ஆறு மாசம். இன்னைக்கு பெரும்பாலான டைப் ஸ்ட்ரெயினோட ஜீனோம் இலவசமா கிடைக்குது, டிஒய்ஜிஎஸ்னு ஜெர்மன்காரங்க வச்சிருக்கிற சர்வர்ல நம்ம ஜீனோம ஏத்தினா அதுவே பக்கத்து டைப் ஸ்ட்ரெயின்களத் தேடி மரமும் போட்டு, டிஜிட்டல் டிடிஹெச் (ரெண்டு டிஎன்ஏவும் எவ்ளோ ஒத்துப்போகும்ங்கற அளவு) கணக்கும் தந்துடுது. அந்த மரத்துல யார் பக்கத்துல நிக்கறாங்களோ அவங்கள மட்டும் வாங்கினா போதும். எங்க கேஸ்லயும் 16எஸ்ல முதல் இடத்துல இருந்த இனம் ஜீனோம் மரத்துல வேற கிளைக்குப் போயிடுச்சு.

எண்கள் என்னன்னா, டிடிஹெச் 70 சதவீதம்ங்கறது 1987-ல இருந்து வர எல்லை, அப்போ உண்மையான டிஎன்ஏவ கலந்து ஒட்ட வச்சு அளந்தாங்க, இப்போ கம்ப்யூட்டர்ல. ஏஎன்ஐ, அதாவது ரெண்டு ஜீனோமுக்கும் பொதுவான பகுதி சராசரியா எவ்ளோ ஒத்துப்போகுதுங்கறது, 95-96 எல்லை. துண்டு துண்டா இருக்கிற ட்ராஃப்ட் ஜீனோம்னா டிடிஹெச்ல ரெண்டாவது ஃபார்முலாவோட விடைய எடுக்கணும், ஜீனோம் முழுசா இல்லாட்டியும் அது தள்ளாடாது. எங்களுக்கு ஏஎன்ஐ 93-க்குக் கீழ, டிடிஹெச் 50-க்குப் பக்கத்துல. அதப் பாத்தப்போதான் நிம்மதி. 94.8, 95.3ன்னு எல்லைக்கோட்டுல வந்தா அவசரப்பட்டுப் பேர் வைக்காதீங்க, இன்னும் நாலு ஸ்ட்ரெயின் தேடுங்க. ஜீனோமோட தரத்துக்கும் 2018-ல குறைஞ்சபட்ச அளவு சொல்லியிருக்காங்க, கவரேஜ் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியா எத்தனை தடவை படிச்சோம்ங்கறது) 50 மடங்காவது வேணும், செக்எம் மென்பொருள்ல கலப்படம் பாக்கணும், ஜீனோம்ல இருந்து எடுத்த 16எஸ்ஸும் முதல்ல தனியா சேங்கர் முறைல எடுத்த 16எஸ்ஸும் ஒண்ணா இருக்கணும். இந்தக் கடைசிச் சோதனைக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும், ட்யூப் மாறிப்போயிருந்தா அங்கயே தெரிஞ்சிடும்.

ஜீனோமே சொல்லிடுச்சே, அப்புறம் எதுக்கு கெமிஸ்ட்ரின்னு கேப்பீங்க. நானும் எங்க மேடம்கிட்ட கேட்டிருக்கேன். அவங்க சொன்னது எனக்கு இப்போ முழுசாப் புரியுது: ஜீனோம் ரெண்டும் வேறன்னு சொல்லும், இந்த உயிர் எப்படிப்பட்டதுன்னு சொல்றதுக்கு அத வளர்த்து, உடைச்சுப் பாத்தாகணும். செல் சுவர்ல எந்த வகை டிஏபி (ஒரு அமினோ அமிலம்), என்ன சர்க்கரை, செல் சவ்வுல எந்த மெனாகுவினோன் (எலக்ட்ரான் கடத்தற மூலக்கூறு), என்ன போலார் லிப்பிட் (சவ்வுக் கொழுப்பு), கொழுப்பு அமிலம் என்ன விகிதம், எவ்ளோ உப்பு தாங்கும், எந்த பிஹெச்ல நிக்கும், எதச் சாப்பிடும். இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது டிஏபி டெஸ்ட். உலர்த்தின செல்ல 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல சீல் பண்ணி 100 டிகிரில ராத்திரி முழுக்க வைக்கணும், ஆசிட்ட ஆவியாக்கிட்டு கலந்ததப் பிரிச்சுக் காட்டற செல்லுலோஸ் டிஎல்சி ப்ளேட்ல புள்ளி வச்சு ஓட்டணும், காய்ஞ்சதும் அமினோ அமிலத்துக்கு நிறம் கொடுக்கிற நின்ஹைட்ரின் அடிச்சுச் சூடு காட்டணும். மத்த அமினோ அமிலமெல்லாம் ஊதா ஊதாவா மேல வந்து நிக்கும். டிஏபி மட்டும் ஆலிவ் பச்சைல வரும், பாத்துக்கிட்டு இருக்கும்போதே மஞ்சளா மங்கும். உடனே பென்சில்ல வட்டம் போட்டு ஃபோட்டோ எடுத்துடணும். எல்எல் வகை முன்னாடி ஓடும், மீசோ பின்தங்கும், ஹைட்ராக்சி வகை இன்னும் பின்னாடி. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு எல்எல், மைக்ரோமோனோஸ்போராவுக்கு மீசோ. அந்தப் பச்சைப் புள்ளி பக்கத்துல போட்ட ஸ்டாண்டர்டோட ஒரே கோட்டுல வந்து நின்னப்போ, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல ஏஎன்ஐ பாத்தப்போ வராத ஒரு சந்தோஷம் வந்துச்சு, இந்த உயிரக் கையால தொட்டுப் பாத்த உணர்வு.

கெமிஸ்ட்ரில ஒரே ஒரு விதிய மட்டும் விடாப்பிடியாப் புடிச்சுக்கோங்க: நம்ம ஸ்ட்ரெயினும் வாங்கின டைப் ஸ்ட்ரெயினும் ஒரே மீடியத்துல, ஒரே வெப்பத்துல, ஒரே வயசுல, ஒரே நேரத்துல வளரணும். கொழுப்பு அமில விகிதம் வெப்பம் மாறினா மாறும், செல் வயசானா மாறும், மீடியம் மாறினா மாறும். ஏதோ ஒரு பழைய பேப்பர்ல இருந்து எண்ண எடுத்து நம்ம எண்ணுக்குப் பக்கத்துல டேபிள்ல போட்டா அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே கிடையாது, நல்ல ரிவ்யூவர் முதல் பார்வையிலயே புடிச்சிடுவார். இதுல இன்னொரு சிக்கல், மைக்ரோமோனோஸ்போரா ஃப்ளாஸ்க்ல உருண்டை உருண்டையா வளரும், உருண்டைக்கு நடுவுல இருக்கிற செல் வேற நிலைமைல இருக்கும். கண்ணாடி மணி கொஞ்சம் போட்டு ஆட்டினா உருண்டை சின்னதாகும், வளர்ச்சி ஒரே சீரா வரும். மெனாகுவினோன் எடுக்கும்போது லைட்ட அணைச்சிடுங்க, ட்யூப்புக்கு ஃபாயில் சுத்துங்க, வெளிச்சத்துல அது சிதையும். உலர் செல் நிறையத் தேவைப்படும், அதனால எல்லா டெஸ்ட்டுக்கும் சேத்து ஒரே தடவைல பெருசா வளர்த்து ஃப்ரீஸ் ட்ரை பண்ணி வைக்கிறது நல்லது.

உப்பு டெஸ்ட்டும் நம்ம விஷயத்துல முக்கியம், "கடல்ல இருந்து வந்தது"ங்கறதுக்கு அதுதான் பதில். சாலினிஸ்போரா நல்ல தண்ணில வெடிச்சுச் செத்துடும், செல்லுக்குள்ள அழுத்தம் ஏறும்போது திறந்து விடற ஒரு வால்வு ஜீன், எம்எஸ்சிஎல்னு பேரு, அத அது தொலைச்சிடுச்சு. கடல் வாழ்க்கைக்கு அப்படியே ஒப்புக்கொடுத்துட்ட உயிர். எங்க ஸ்ட்ரெயின் அப்படி இல்ல, உப்பில்லாமலும் வளருது, ஆனா கடல் தண்ணி கலந்த மீடியத்துலதான் ஸ்போர் நல்லா வருது. அதனால பேப்பர்ல "கடல் இனம்"னு எழுதல, "கடல் சேத்துல இருந்து பிரிச்சது"ன்னு மட்டும்தான் எழுதியிருக்கோம். தெரிஞ்ச அளவுக்கு எழுதினா போதும்.

இனி யாரும் சீக்கிரம் ஆரம்பிக்காத, ஆனா முதல்லயே ஆரம்பிக்க வேண்டிய வேலை: டெபாசிட். 2001-ல இருந்து விதி இதுதான், புது இனத்தோட டைப் ஸ்ட்ரெயின் குறைஞ்சது ரெண்டு வேற வேற நாட்டுல, யார் கேட்டாலும் கொடுக்கிற சேமிப்பகத்துல இருக்கணும், இல்லேன்னா பேர் செல்லாது. நம்ம நாட்டுல சண்டிகர்ல எம்டிசிசி, புனேல என்சிஎம்ஆர், ரெண்டுலயும் கொடுத்தாலும் ஒரே நாடுதான், கணக்குல ஒண்ணுதான். வெளிநாட்டுக்கு ஒண்ணு போயே ஆகணும். அங்கதான் 2002 பல்லுயிர்ச் சட்டம் வருது. நம்ம நாட்டு உயிர் வளத்த வெளிய அனுப்பறதுக்கு விதி இருக்கு, அதோட ஆணையம் நம்ம சென்னை தரமணிலதான் இருக்கு. அந்தச் சட்டத்த 2023-ல திருத்தினாங்க, அதனால சீனியர் கொடுத்த பழைய ஃபார்ம நிரப்பிக்கிட்டு இருக்காம, இன்னைய தேதிக்கு எந்த நடைமுறைன்னு நேரடியாக் கேட்டுக்கோங்க. எனக்கு அந்தச் சட்டத்து மேல கோவம் இல்ல, நம்ம கடல்ல இருந்து போற உயிருக்கு ஒரு கணக்கு இருக்கணும்தான். ஆனா டெபாசிட் சர்ட்டிஃபிகேட் இல்லாம, புது பாக்டீரியா பேர்கள அதிகாரப்பூர்வமா வெளியிடற ஐஜேஎஸ்இஎம் ஜர்னல் பேப்பர ஏத்துக்காது, சேமிப்பகத்துக்காரங்க ஸ்ட்ரெயின வாங்கி, வளர்த்து, உலர்த்தி, திரும்ப உயிர்ப்பிச்சு, அது நாம சொன்ன ஸ்ட்ரெயின்தானான்னு பாத்துட்டுத்தான் சர்ட்டிஃபிகேட் தருவாங்க, மெதுவா வளர்ற உயிருக்கு இதுக்கே மாசக்கணக்காகும். ஏஎன்ஐ வந்த வாரமே மெயில் போட்டுடுங்க.

வளர்க்கவே முடியாத பாக்டீரியாவுக்கும் ஜீனோம மட்டுமே ஆதாரமா வச்சுப் பேர் வைக்க 2022-ல சீக்கோடுன்னு ஒரு தனி முறை வந்திருக்கு. சேத்துல இருக்கிறதுல முக்காவாசிய நம்மால வளர்க்க முடியாதுங்கறப்போ அது தேவைதான். ஆனா வளர்க்க முடிஞ்சத வளர்த்து, ஒரு குப்பில போட்டு, அம்பது வருஷம் கழிச்சு யாரோ ஒரு பொண்ணு கேட்டா எடுத்துக் கொடுக்கிற நிலைமைல வைக்கிறதுக்கு ஈடு எதுவும் இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

பேர் வைக்கிறது எல்லாருக்கும் புடிச்ச பகுதி. லத்தீன் இலக்கணம் தெரியணும்னு பயப்பட வேண்டாம், பழக்கத்துல நாலு வழிதான். ஊர் பேர்னா கடைசில என்சிஸ், பேரினம் பாக்டீரியம்னு முடிஞ்சா என்ஸே. மைக்ரோமோனோஸ்போரா பெண்பால், அதுக்கு என்சிஸ் சரியா வரும். மனுஷங்க பேரும் வைக்கலாம், தன் பேரையே வச்சுக்கறது மட்டும் மரபு கிடையாது. சர்வதேச விண்வெளி நிலையத்துல காத்து வடிகட்டில கிடைச்ச ஒண்ணுக்கு 2017-ல சோலிபேசில்லஸ் கலாமின்னு நம்ம அப்துல் கலாம் பேர வச்சாங்க, அந்தக் குழுவுல இருந்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சவர். அதே விண்வெளி நிலையத்துல கிடைச்ச மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி 2021-ல வந்துச்சு, அதுல இருக்கிறது பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துல பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடம் எடுத்த அஜ்மல் கான் சாரோட பேரு. பூமிய சுத்திக்கிட்டு இருக்கிற ஒரு பாக்டீரியாவுக்குப் பரங்கிப்பேட்டை வாத்தியார் பேருன்னா, நம்ம கடற்கரைல உக்காந்து சேறு சலிக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் அது பெருமைதான்.

ஜர்னல் தேர்ந்தெடுக்கறப்போ ஒண்ணு கவனிங்க. ஐஜேஎஸ்இஎம்ல வந்தா பேர் அப்போதே செல்லுபடியாகும். வேற எந்த ஜர்னல்ல வந்தாலும், அது எவ்ளோ பெரிய ஜர்னலா இருந்தாலும், பேப்பர் வெளியானதோட வேலை முடியாது, பேப்பரையும் ரெண்டு டெபாசிட் சர்ட்டிஃபிகேட்டையும் ஐஜேஎஸ்இஎம்முக்கு அனுப்பி அதோட வேலிடேஷன் லிஸ்ட்ல பேர் ஏத்தணும். இத விட்டுட்டதால பேர் செல்லாமலேயே கிடக்கிற இனங்கள் நிறைய. பாக்டீரியா பேர்களப் பட்டியல் போடற எல்பிஎஸ்என் தளத்துல தேடினா பேருக்குப் பக்கத்துல செல்லுபடியாகலைன்னு போட்டிருக்கும், பாக்கவே கஷ்டமா இருக்கும், ஒருத்தரோட பல வருஷ உழைப்பு அது.

எங்க பேப்பர் இப்போ ரிவ்யூல இருக்கு. வெளிநாட்டு சர்ட்டிஃபிகேட் வந்துடுச்சு. முதல் ரிவ்யூவர் ஒத்தை ஸ்ட்ரெயின வச்சு இனத்த விவரிச்சிருக்கீங்களே, ரெண்டாவது ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டிருக்கார், நல்ல கேள்வி, ஃப்ரீசர்ல அதே கோர்ல இருந்து எடுத்த ஆரஞ்சு கூட்டம் இன்னும் இருக்கு, அதுங்களுக்கு ஜைரேஸ் பி ஓட்டிக்கிட்டு இருக்கோம். ரெண்டாவது ரிவ்யூவருக்கு போலார் லிப்பிட் ப்ளேட்டோட ஃபோட்டோ தெளிவா இல்லையாம், ஃபாஸ்ஃபேட்டுக்கு அடிச்ச ப்ளேட்டும் அமினோவுக்கு அடிச்ச ப்ளேட்டும் தனித்தனியா வேணுமாம். உலர் செல் மிச்சம் இருக்கு, குளோரோஃபார்ம்தான் தீர்ந்துடுச்சு, ஸ்டோர்ல இண்டென்ட் போட்டாச்சு.